வெல்வெட் வெட்ட ஒரு ஸ்பிளிண்ட்

மணிக்கட்டு தொங்கிப்போன ஒரு தையல்காரருக்கு ஸ்பிளிண்ட், அதாவது கையைத் தாங்கிப் பிடிக்கும் சட்டம், செய்ததில் கடைசியில் உதவியவை ஒரு கேஸ் வெல்டிங் கம்பியும், செருப்புத் தைக்கும் மெழுகு நூலும், கத்தரிப் பிடிக்குள் வைத்த ஒரு பிளாஸ்டிக் பட்டையும்தான். அதற்கு முன் செய்தவை பட்டறை அலமாரியில் கிடக்கின்றன. எது ஏன் சரிவரவில்லை என்பது மறந்துபோகும் முன் எழுதி வைக்கிறேன்.

என் பட்டறை மதுரையில் கோரிப்பாளையம் பக்கம். வருகிறவர்களில் பெரும்பாலோர் காலுக்காக வருகிறவர்கள். காலிப்பர் (பலமில்லாத காலைத் தாங்கும் சட்டம்), செயற்கைக் கால், அளவெடுத்துச் செய்யும் செருப்பு. கைக்கென்று வருபவர்கள் குறைவு. அப்படி வந்த இவர் தையல்காரர், பாய் என்றுதான் கூப்பிடுவேன். புதுமண்டபத்தில் கடை வைத்திருந்து, அங்கிருந்த கடைக்காரர்கள் எல்லோரோடும் சேர்ந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியவர். சித்திரைத் திருவிழாவில் அழகர் வேஷம் கட்டுகிறவர்களுக்குச் சல்லடமும் (அரைக்கால் சட்டை) உருமாலும் (தலையில் கட்டும் துணி) தைப்பதுதான் வருஷத்தின் பெரிய வேலை. வெல்வெட், சாட்டின், ஓரம் முழுக்க ஜரிகை. மாசியிலேயே ஆர்டர் வர ஆரம்பித்துவிடும்.

வண்டியிலிருந்து விழுந்ததில் வலது மேற்கை எலும்பு நடுவில் முறிந்திருக்கிறது. மணிக்கட்டையும் விரல்களையும் நீட்டும் தசைகளுக்குப் போகும் ரேடியல் நரம்பு அந்த இடத்தில்தான் எலும்பை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போகிறது. அங்கே முறிகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நரம்பும் சேர்ந்து அடிபடும். எலும்பு நன்றாகச் சேர்ந்துகொண்டு வந்தது. ஆனால் மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. விரல்களை அடி முட்டியிலிருந்து (உள்ளங்கையோடு சேரும் மூட்டு) நீட்ட முடியவில்லை. கட்டைவிரலை விரிக்க முடியவில்லை. மடக்குகிற தசைகளுக்கு வேறு நரம்புகள் என்பதால் அவை ஒழுங்காக இருந்தன.

நரம்பு அறுபடவில்லை, நசுங்கித்தான் இருக்கிறது, பொறுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நரம்பு திரும்ப வளர்வது நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. முறிந்த இடத்திலிருந்து முழங்கைப் பக்கம் மணிக்கட்டைத் தூக்கும் தசைக்குள் நரம்பு நுழையும் இடம் வரை டேப் வைத்துப் பார்த்தேன். 13 செ.மீ. அப்படியென்றால் நாலு மாசத்துக்கு மேல். அதற்குள் அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கே திரும்பிப் போயிருப்பார்.

மருந்துக்கடையில் வாங்கிய ரெடிமேட் ஸ்பிளிண்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். உள்ளங்கையில் அலுமினியப் பட்டை, மேலே கறுப்புத் துணி, மூன்று வெல்க்ரோ. "தம்பி, இதப் போட்டுக்கிட்டுக் கத்தரியப் பிடிக்கவா, இல்ல கத்தரிய வச்சுட்டு இதப் பிடிச்சுக்கிட்டு உக்காரவா?" என்றார். நியாயமான கேள்வி. உள்ளங்கையை முழுக்க மூடினால் கத்தரியின் பெரிய வளையம் எங்கே உட்காரும்?

அளவெடுத்தது

கை ஸ்பிளிண்ட்டுக்கு நான் எப்போதும் வேலை நடக்கிற இடத்துக்குப் போய்ப் பார்ப்பேன். பட்டறை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கை வேறு, வேலை செய்யும் கை வேறு. சத்திரத்தில் அவருடைய மருமகன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரியின் கீழ் அலகு பலகையை விட்டு மேலே எழுவதே இல்லை, துணிக்கு அடியில் சறுக்கிக்கொண்டே போகிறது. கத்தரியின் கனத்தைப் பலகைதான் சுமக்கிறது. மணிக்கட்டு பெரிதாக அசையவும் இல்லை, கொஞ்சம் மேல்நோக்கி வளைந்து அப்படியே நிற்கிறது. திறந்து மூடுவதெல்லாம் கட்டைவிரலும் மற்ற விரல்களும். இதைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு விசைக்குச் செய்ய வேண்டும் என்று கணக்குப் போட முடிந்தது.

கத்தரி 10 அங்குல மீரட் கத்தரி, பித்தளைப் பிடி. சமையலறைத் தராசில் 380 கிராம். கையின் கனத்தையும் அதே தராசில்தான் பார்த்தேன். முன்கையைத் தராசு உயரத்துக்குப் பலகை அடுக்கி அதன்மேல் வைத்து, கையைத் தளர்த்தி, விரல் முட்டிக்குச் சற்று முன்பாக, மணிக்கட்டிலிருந்து 7.5 செ.மீ. தள்ளி, தராசில் படவிட்டேன். 400 கிராம் காட்டியது. உடம்பு எடை 66 கிலோ. ஒரு கையின் கனம் உடம்பு எடையில் 0.6 சதவீதம் அளவில் இருக்கும் என்பார்கள். ஒத்துப்போகிறது. ஆக, மணிக்கட்டைச் சுற்றிக் கீழே இழுக்கும் திருப்புவிசை 0.4 × 7.5 = 3 கிலோ-செ.மீ. கத்தரியைப் பலகையிலிருந்து தூக்கினால் இது இரண்டு மடங்கு.

எந்த ஸ்பிளிண்ட்டாக இருந்தாலும் மூன்று இடத்தில்தான் அழுத்தும். உள்ளங்கையை மேலே தள்ளும், மணிக்கட்டின் மேல்பக்கத்தைக் கீழே அமுக்கும், முழங்கைப் பக்கத்து நுனி முன்கையை மேலே தள்ளும். நடுவில் இருப்பதுதான் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையையும் தாங்கும். ரெடிமேடில் முன்கைப் பாகம் குட்டை, கணக்குக்கு 8 செ.மீ. உள்ளங்கைப் பட்டை 6 செ.மீ.யில். உள்ளங்கையில் 500 கிராம், பின் நுனியில் 375, மணிக்கட்டில் 875. கத்தரியைத் தூக்கினால் இரண்டு மடங்காகி 1,750 ஆகிவிடும். மணிக்கட்டு வாரோ 1 அங்குலம்தான். முன்கை நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை நீட்டினால் (இவருக்கு 24 செ.மீ., ஆக 16) பின் நுனி அழுத்தும் இடம் 15 செ.மீ.க்குப் போகும். அங்கே 200 கிராம், மணிக்கட்டில் 700. தூக்கும்போது 1,400.

விசையை மட்டும் பார்த்தால் போதாது, அது எவ்வளவு இடத்தில் பரவுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தோலுக்கடியில் இருக்கும் நுண்குழாய்களில் ரத்தம் ஓடுவது நிற்கும் அழுத்தம் என்று பாடத்தில் சொல்வது 32 மி.மீ. பாதரசம். சதுர செ.மீ.க்கு 43 கிராம் வரும். 1 அங்குல வாரில் 10 சதுர செ.மீ. படும் என்று வைத்தால் 1,400 கிராமுக்கு 140. அதையே 2 அங்குல வாராக்கி, வளைவுக்கு ஒட்டி 30 சதுர செ.மீ. படச்செய்தால் 47. தூக்காமல் பலகையில் சறுக்கவிட்டால் 25-க்கும் கீழே. கொல்லிமலையில் பிறந்து, வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்த டாக்டர் பால் பிராண்ட் தன் வாழ்நாள் முழுக்கச் சொல்லி வந்தது இதைத்தான்: தோலைக் கெடுப்பது பெரிய அடி மட்டுமல்ல, விடாமல் இருக்கும் சின்ன அழுத்தமும்தான். பட்டறையில் நான் வைத்திருக்கும் சோதனை இன்னும் எளிது. ஸ்பிளிண்ட்டைக் கழற்றிய பிறகு தோலில் சிவப்பு 20 நிமிஷத்துக்கு மேல் நின்றால் அந்த இடத்தைத் திருத்தாமல் வெளியே அனுப்புவதில்லை.

வெந்நீர்ப் பிளாஸ்டிக்

முதலில் செய்தது வழக்கமானது. 3.2 மி.மீ. வெந்நீர் ஷீட். 70 டிகிரி தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டால் துணிபோலத் துவளும், கையின்மேல் போட்டு மூன்று நான்கு நிமிஷத்துக்குள் வடிவம் பிடிக்க வேண்டும். மணிக்கட்டை 25 டிகிரி மேலே தூக்கி வார்த்தேன். உள்ளங்கை ரேகைக்கு முன்னால் நிறுத்தினால்தான் விரல்கள் முழுசாக மடங்கும். கட்டைவிரல் மேட்டைச் சுற்றி வெட்டிவிட வேண்டும். சுண்டுவிரல் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின்மேல் முதலிலேயே ஒரு ஃபோம் வில்லை ஒட்டி, அதன்மேல் ஷீட்டை வார்த்து, பிறகு வில்லையை எடுத்துவிட்டால் அங்கே குழி கிடைக்கும். வார்த்து முடித்த பின் உள்ளே ஃபோம் ஒட்டினால் இடம் குறைந்து அழுத்தம் கூடுமே தவிரக் குறையாது. பல இடங்களில் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்கிறேன்.

தாங்கியது. ஆனால் விரல்கள் அடி முட்டியில் தொங்கியபடியே இருந்தன. திறக்காத கைக்குள் கத்தரியை நுழைக்க, இடது கையால் ஒவ்வொரு விரலாக விரித்துவிட வேண்டியிருந்தது. அது மட்டுமென்றால் அதன்மேலேயே ஏதாவது சேர்த்திருப்பேன். அவர் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி இருக்கிறதே, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஜரிகை வைத்த ஓரத்தைத் தேய்த்து மடக்கும்போது முன்கை பெட்டிக்கு அருகே போக, ஸ்பிளிண்ட்டின் பின் விளிம்பு அப்பளமாகச் சுருண்டுவிட்டது. 70 டிகிரியில் இளகுகிற பொருளைத் தையல்கடைக்குக் கொடுக்கக் கூடாது. மதுரை வெயிலில் வண்டி டிக்கிக்குள் வைத்தாலும் இதே கதைதான். இப்போது அது இரவில் தூங்கும்போது மட்டும், விளிம்பைத் திருத்தி. அதற்கு அது நல்ல ஸ்பிளிண்ட்.

கைமேல் பக்கத்துக்கு மாறியது

உள்ளங்கை காலியாக இருக்க வேண்டுமென்றால் எல்லாமே புறங்கைப் பக்கம் போக வேண்டும். முன்கையின் மேல்பக்கத்தில் ஒரு அடித்தட்டு, அதிலிருந்து விரல்களுக்கு மேலே நீளும் கம்பிச் சட்டம், சட்டத்திலிருந்து விரல்களின் அடிக்கண்ணிகளை (அடி முட்டியை அடுத்த பாகம்) தூக்கும் வளையங்கள்.

அடித்தட்டுக்கு 3 மி.மீ. பாலிபுரொப்பிலீன், காலிப்பருக்குப் பயன்படுத்தும் அதே ஷீட்தான். வேலை கூடுதல். கைக்குக் குழாய்த்துணி மாட்டி, எலும்பு துருத்தும் இடங்களைக் காப்பிங் பென்சிலால் குறித்து, மாவுக்கட்டுப் போட்டு, கீறிக் கழற்றி, அதற்குள் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) கரைத்து ஊற்றி அச்சு எடுக்க வேண்டும். அச்சைக் கம்பிவலையால் ராவிச் சமப்படுத்தினேன். மணிக்கட்டுப் பக்க விளிம்பில் 4 மி.மீ. மாவு ஏற்றினேன், அங்கே தட்டு தோலில் வெட்டாமல் வெளிப்பக்கம் மலர்ந்து நிற்பதற்காக. தட்டை மணிக்கட்டுக்கு 2 செ.மீ. முன்பே நிறுத்திவிட்டதால் அந்தத் துருத்தும் எலும்புப் பிரச்சினையே இல்லாமல் போனது.

ஷீட்டை அடுப்பில் வைத்தால் பால்வெள்ளை மெல்ல மெல்ல மறைந்து, ஓரத்திலிருந்து நடுவுக்குக் கண்ணாடியாகத் தெளியும். நடுவில் கடைசி வெள்ளைத் திட்டு மறையும் கணத்தில் எடுக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டை நம்புவதைவிட இதை நம்பலாம். முன்னாலேயே எடுத்தால் வளைவில் ஒட்டாது, விட்டுவிட்டால் தொய்ந்து நடுவில் மெலிந்துவிடும். அச்சின்மேல் போட்டு, ஓரங்களை அமுக்கி, வேக்குவம் இழுத்து, இரவு முழுக்க அச்சிலேயே ஆறவிட்டேன். சூட்டோடு கழற்றினால் வாய் விரிந்துகொள்ளும்.

சட்டத்துக்கு முதலில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி எடுத்தேன். 2 மி.மீ., துருப்பிடிக்காது, சிம்மக்கல் பக்கம் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். வளையங்களை ரப்பர் பேண்டில் தொங்கவிட்டேன். விரல்கள் அழகாக நீண்டு நின்றன, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை கத்தரியை மூடும்போதும் நாலு ரப்பரோடும் மல்லுக்கட்ட வேண்டும். பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை மாட்டி இழுத்தேன், ஒவ்வொன்றும் 250 கிராம். ஒரு சல்லடம் வெட்டுவதற்குள் முன்கை வலித்துவிட்டது. உயரமான சட்டம் ஜரிகையைப் போய்ப் பிடித்துக்கொண்டது. சாட்டினில் இழை உருவிக்கொண்டு வந்ததும் பாய் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ரப்பரை எடுத்துவிட்டு நீளாத நூல்

ரேடியல் நரம்பு போன கைக்கு ரப்பர் தேவையில்லை என்பது புதிய விஷயம் அல்ல. நீளாத நூலைக்கொண்ட தாழ்வான சட்டத்தை அமெரிக்கக் கை சிகிச்சையாளர் ஜூடி கோல்டிட்ஸ் 1980களில் பரவலாக்கினார். விஷயம் இதுதான்: நூலின் ஒரு நுனி அடித்தட்டில், மறு நுனி விரல் வளையத்தில், நடுவில் சட்டத்தின் முனை. கை தளர்ந்து மணிக்கட்டு கீழே போனால், நூல் நீளாததால் விரல்கள் அடி முட்டியில் நீண்டு திறக்கும். விரல்களை மடக்கினால் அதே நூல் மணிக்கட்டை மேலே தூக்கும். கிணற்று உருளையில் ஒரு வாளி இறங்கினால் மறு வாளி ஏறுவதுபோல. ஆரோக்கியமான கையும் இப்படித்தான் வேலை செய்கிறது. மணிக்கட்டை மடக்கிப் பாருங்கள், விரல்கள் தாமாகவே விரியும். இழந்த தசைக்குப் பதில் மீதமிருக்கும் தசையையே இரண்டு வேலைக்கும் பயன்படுத்துகிறோம்.

இங்கே ஸ்போக்ஸ் கம்பி கைவிட்டது. சட்டத்தின் இரண்டு கால்களும் அடித்தட்டுக்கு வெளியே 13 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தன. கை ஓய்வாக இருக்கும்போதே முனை 6 மி.மீ. தொய்ந்தது. விரலை மடக்கி இறுக்கினால் 2 செ.மீ. மடக்கும் விசையெல்லாம் கம்பியை வளைப்பதில் போய்விட, மணிக்கட்டு எழவே இல்லை. கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்கு மடி அடுக்கில் கூடும். 2-லிருந்து 3.2 மி.மீ.க்குப் போனால் ஆறரை மடங்கு. கேஸ் வெல்டிங்குக்கு வரும் 3.2 மி.மீ. கம்பியை வாங்கி, பலகையில் ஆணி அடித்து அச்சாக வைத்து வளைத்தேன். தொய்வு 1 மி.மீ.க்கு வந்தது. அந்தக் கம்பிக்கு மேலே செம்பு பூசியிருப்பார்கள். வியர்வை பட்டுப் பச்சை பூத்துத் துணியில் ஒட்டும். வயர் கடையில் விற்கும் சூட்டில் சுருங்கும் உறையை மாட்டிச் சூடு காட்டினேன். உறையோடு சட்டம் வழவழவென்று இருக்கிறது, ஜரிகை மாட்டுவதில்லை. உயரத்தையும் முட்டிக்கு மேல் 2 செ.மீ.யாகக் குறைத்தேன். ரப்பருக்குத் தேவைப்பட்ட இடம் நூலுக்குத் தேவையில்லை.

நூல் விரலின் கண்ணியை நேர் செங்குத்தாக இழுக்க வேண்டும். சாய்ந்து இழுத்தால் பாதி விசை வளையத்தை நகத்தை நோக்கியோ முட்டியை நோக்கியோ நகர்த்துவதில் போகும். கை அசைய அசையக் கோணம் மாறும். எங்கே செங்குத்தாக வைப்பது? வெட்டும்போது கை எந்த நிலையில் அதிக நேரம் இருக்கிறதோ அங்கே. சட்டத்தின் முனையைச் சுட்டுவிரல் கண்ணியின் நடுவுக்கு நேராக வைத்து, சுண்டுவிரல் பக்கம் சற்றுப் பின்னுக்கும் கீழுக்கும் சாய்த்தேன். கையின் முட்டி வரிசை நேர்க்கோடல்ல. இந்தச் சாய்வு இல்லாவிட்டால் சுண்டுவிரல் நூல் மட்டும் எப்போதும் இறுக்கமாக நிற்கும்.

நூலுக்கு முதலில் தூண்டில் நரம்பு. முடிச்சு நழுவியது, கொஞ்ச நாளில் நீண்டும் கொடுத்தது. "இதுக்கு ஏன் தம்பி மீன் புடிக்கிற நரம்பு, எங்கிட்ட கேக்கலாம்ல" என்று பாய் ஒரு கட்டை மெழுகு நூலை எடுத்து வந்தார். செருப்புக்கும் தோல்பைக்கும் தைக்கிற பின்னல் நூல். அது நீளவில்லை. முடிச்சுக்குப் பதில், வயர் நுனியில் அமுக்கும் சின்னச் செம்புக் குழாயில் நூலை மடக்கி நுழைத்து, நீளம் சரிபார்த்த பிறகு இடுக்கியால் அமுக்கினேன். நாலு விரலுக்கும் நாலு நீளம். சரிபார்த்த விதம்: முஷ்டி மடக்கும்போது மணிக்கட்டு 30 டிகிரி மேலே நிற்க வேண்டும். கையைத் தளர்த்தினால் மணிக்கட்டு 20 டிகிரி கீழே போனதும் விரல்கள் அடி முட்டியில் நேராகிவிட வேண்டும், அதற்கு மேல் பின்னுக்கு வளையக் கூடாது. இந்த இரண்டும் கிடைக்கும் வரை நூலைக் கட்டிக் கட்டி அவிழ்த்தோம். மொத்த வேலையில் பொறுமையைச் சோதித்தது இதுதான். ஒரு விரலில் 3 மி.மீ. மாறினாலும் பிடி மாறுகிறது.

ஓய்வில் நாலு நூலிலும் சேர்த்து 270 கிராம் இருக்க வேண்டும் என்பது கணக்கு (3 கிலோ-செ.மீ.யை, மணிக்கட்டிலிருந்து வளையம் வரையிலான 11 செ.மீ.யால் வகுத்தால் வருவது). கொக்கித் தராசு 250-க்கும் 300-க்கும் நடுவில் ஆடியது. விரலுக்கு 68 கிராம். 2 செ.மீ. அகல வளையம் என்றால் சதுர செ.மீ.க்கு 17 கிராம்தான் வருகிறது, தோல் தாங்கும்.

வளையத்தை நான் செய்யவில்லை. நான் வெட்டிக் கொடுத்த தோல் வளையங்கள் வியர்வையில் நனைந்து காய்ந்ததும் விறைத்துவிட்டன. அவரே காலர் கேன்வாஸை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் காட்டன் துணியைக் கிராஸாக வெட்டி மடித்து, பிசிறே தெரியாமல் மெஷினில் அடித்தார், இடது கையால் தள்ளித் தள்ளி. கிராஸாக வெட்டியதால் விரலின் வளைவுக்கு ஒட்டி உட்காருகிறது, கேன்வாஸ் இருப்பதால் கயிறாகச் சுருண்டு தோலை அறுப்பதில்லை. இரண்டு செட், ஒன்றைத் துவைத்துப் போட்டால் மற்றொன்று. வருஷக்கணக்காக நான் தோலில் வெட்டிக்கொண்டிருந்ததை விட இது மேல். இனி எல்லாருக்கும் இதுதான், தையல் கூலி அவருக்கு.

தட்டு கீழே நழுவியது இன்னொரு தொல்லை. முன்கை மணிக்கட்டை நோக்கிக் குறுகிக்கொண்டே போவதால் வியர்வை வந்ததும் தட்டு சரிந்து, நூல் தளர்ந்துவிடும். வாரை இறுக்கினால் நிற்கும், கை வீங்கும். தட்டுக்கு உள்ளே 3 மி.மீ. ஈவிஏ நுரை ஷீட் ஒட்டித் துளைகள் போட்டு, அதற்கடியில் பனியன் துணியில் ஒரு உறை மாட்டியதும் நழுவல் நின்றது. வார்கள் இரண்டும் 2 அங்குலம். பின்வார்தான் முக்கியம், தட்டு தூக்கிக்கொள்ளாமல் பிடிப்பது அதுதான். அதை முழங்கைக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைத்தேன்.

கட்டைவிரல்

பிடி வந்துவிட்டது. ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுருட்டி, 20 வரை காற்றடித்து, அதை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி முள்ளைப் பார்த்தேன். ஸ்பிளிண்ட் இல்லாமல் 60, போட்டுக்கொண்டு 140. மணிக்கட்டு தொங்கினால் மடக்கும் தசைகளும் தளர்ந்துவிடும் என்பதால்தான் இவ்வளவு வித்தியாசம். மூடுவதற்கு இது போதும். ஆனால் கத்தரியைத் திறப்பது கட்டைவிரல், அதை விரிக்கும் தசையும் இதே நரம்பில்தான் இருக்கிறது. சட்டத்தின் பக்கவாட்டில் ஒரு கிளைக் கம்பி நீட்டி, கட்டைவிரலுக்கும் வளையம் போட்டுப் பார்த்தேன். கிளைக் கம்பி துணியைப் பிடித்தது, மேசை விளிம்பில் மாட்டியது. வெட்டி எறிந்தேன்.

அப்புறம் தோன்றியது, கையைச் சரிசெய்வதற்குப் பதில் கத்தரியைச் சரிசெய்யலாமே என்று. கத்தரியைத் திறக்க எவ்வளவு விசை வேண்டும் என்று கொக்கித் தராசைக் கட்டைவிரல் வளையத்தில் மாட்டி இழுத்தேன். 350 கிராம். மூட்டுத் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தி, இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டதும் 200. அந்த 150 கிராமுக்கு ஒரு பைசா செலவில்லை. மீதிக்கு ஒரு ஸ்பிரிங் வேண்டும். கத்தரியில் துளை போடக் கூடாது என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடித்தட்டில் மிஞ்சிய பாலிபுரொப்பிலீனை 2 செ.மீ. அகலத்தில் வெட்டி, தேய்த்து 1.5 மி.மீ.க்கு மெலிதாக்கி, வில்லாக வளைத்து இரண்டு பிடிகளுக்கும் நடுவில் வைத்து மெழுகு நூலால் கட்டினோம். மூடிய நிலையில் 300 கிராம் எதிர்க்கிறது. விரல்களைத் தளர்த்தினால் போதும், கத்தரி தானாகத் திறக்கிறது. இந்தப் பிளாஸ்டிக் மடங்கி மடங்கி உடையாது. டப்பா மூடிகளில் கீலாக இருப்பதும் இதேதான்.

செலவு

பாலிபுரொப்பிலீன் துண்டு 250 ரூபாய், மாவுக்கட்டு ரோல் 120, ஈவிஏ 80, கம்பி 60, வெல்க்ரோ 110, நூலும் உறையும் 40, செம்புக் குழாய்கள் 20, வாருக்கு வளையம் 30. மொத்தம் 710. இரவு ஸ்பிளிண்ட்டுக்கு வந்த வெந்நீர் ஷீட் துண்டு மட்டும் 1,600. அடுப்பு கரண்டும் என் நேரமும் இதில் இல்லை.

அடுத்த முறை சிலவற்றை மாற்றுவேன். அடித்தட்டுக்கு 3 மி.மீ. அதிகம். சட்டம் திருகும் இடத்தில் மட்டும் ஒரு துண்டை இரட்டையாக வைத்து மற்ற இடம் 2 மி.மீ. போதும், கனம் குறையும். கம்பியை ரிவெட்டுக்குப் பதில் சின்ன அலுமினியக் கவ்வியில் திருகாணி வைத்துப் பிடிப்பேன். நரம்பு குணமாகிவர நூல் நீளமும் சட்டக் கோணமும் மாறிக்கொண்டே போகும், ரிவெட்டை ஒவ்வொரு முறையும் துளைத்து எடுக்க முடியாது. நூலின் பின் நுனியைச் செம்புக் குழாயில் நிரந்தரமாக அமுக்காமல், திருகிப் பிடிக்கும் சின்ன வயர் கனெக்டரில் வைத்தால் அவரே வீட்டில் சரிசெய்துகொள்ளலாம். அளவெடுக்கும் முதல் நாளே கத்தரியைக் கொண்டுவரச் சொல்வேன், எண்ணெய் விட்டு மூட்டைத் தளர்த்திவிட்டுத்தான் மற்ற வேலை.

மெஷினில் தைக்க இது உதவாது. சட்டத்தின் முனை ஊசித்தண்டில் இடிக்கிறது. அதற்கு உள்ளங்கையில் மெல்லிய பட்டை மட்டும் வைத்த குட்டையான ஒன்று தனியாகச் செய்துகொண்டிருக்கிறேன். கையைப் பிடித்து நீட்டிவிடும் பயிற்சியை பிசியோவில் சொன்னபடி மருமகன் காலையும் மாலையும் செய்துவிடுகிறார். மூட்டுகள் இறுகிவிட்டால் நரம்பு வந்தும் பிரயோஜனமில்லை. போன முறை வந்தபோது முழங்கையை மடக்கச் சொல்லி, முன்கையின் வெளிப்பக்கம் கைவைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் பக்கத்துத் தசை லேசாகத் துடிக்கிறது. முதலில் திரும்புவது அதுதான், மணிக்கட்டைத் தூக்கும் தசை அதற்கடுத்து. அது வர ஆரம்பித்ததும் நூலை விரலுக்கு 5 மி.மீ. தளர்த்தலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதுவரை நாலு மடிப்பு வெல்வெட்டும் ஆறு மடிப்பு சாட்டினும் அவர் வெட்டுகிறார். எட்டு மடிப்பு வந்தால் கத்தரி மருமகன் கைக்குப் போகிறது.